புல் வெட்ட எந்த வழி? வெட்டுகிறவர் உடம்பை வைத்து ஒரு கணக்கு

மாசி மாதக் கடைசியில் ஒரு நாள், பத்தரை மணி டீ வந்தபோதுதான் கவனித்தேன். எங்கள் ஆட்களில் மூத்தவர், 14 வருடமாக என்னோடு வேலை பார்ப்பவர், கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்துவிட்டார்களோ என்று, "ஆற வெச்சுக் குடிங்கண்ணே" என்றேன். "சூடெல்லாம் இல்லம்மா. ஒத்தக் கையில புடிச்சா நழுவுது. விரலு மரத்துப் போய்க் கெடக்கு" என்றார். மெஷினை அணைத்து அப்போது இருபது நிமிடம் ஆகியிருந்தது. ராத்திரியில் விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், எழுந்து கையை உதறிவிட்டுப் படுப்பேன் என்று பிறகு சொன்னார். நான் கேட்டதால் சொன்னார். கேட்கும்வரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தோட்டப் பராமரிப்பு எடுத்துச் செய்கிறேன். ஆணும் பெண்ணுமாக 12 பேர். அந்த மாதம் எங்களுடைய பெட்ரோல் புல்வெட்டி இரண்டுமே மாற்ற வேண்டிய நிலைக்கு வந்திருந்தன. ஏறக்குறைய மூன்று ஏக்கர் உள்ள ஒரு குடியிருப்பின் ஒப்பந்தமும் புதுப்பிக்க வந்தது. புல்லை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்ற பேச்சில் நான்கு வழிகள் அடிபட்டன: களைக்கொல்லி அடிப்பது, கையால் அறுத்துக் களையெடுப்பது, மறுபடியும் பெட்ரோல் மெஷின், இல்லாவிட்டால் பேட்டரி மெஷின். எப்போதும் மாதச் செலவு எவ்வளவு என்று பார்த்து முடித்துவிடுவோம். இந்த முறை அந்த டம்ளரைப் பிடித்த கையை முதலில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கும் ஒப்பந்தம் கொடுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

மருந்து அடித்துவிட்டால் என்ன?

குடியிருப்புக் குழுவில் ஒருவர் முதலில் கேட்டது இதைத்தான். ஒரு ஆள், ஒரு தெளிப்பான், அரை நாள் வேலை. மாதக் கணக்கில் புல்லைப் பற்றிய கவலை இல்லை. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கோரையை எத்தனை முறை வெட்டினாலும் மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கும்வரை ஒரு வாரத்தில் தலை நீட்டிவிடும். மெஷினுக்கு அடங்காத களை அது.

ஆனால் கிளைபோசேட் என்ற அந்த மருந்தை என் ஆட்கள் கையில் கொடுக்க எனக்கு உரிமையே இல்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாகத்தான் தெளிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது.

புற்றுநோய் பற்றிய வாதமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் கிளைபோசேட்டை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. 2018-இல் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில், பள்ளி வளாகங்களில் இந்த மருந்தை அடித்து நிணநீர்ப் புற்றுநோய் வந்த ஒரு தோட்டப் பராமரிப்பாளருக்கு 28.9 கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது 2 கோடி டாலர் அளவுக்குக் குறைந்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த வழக்கில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விஷயம். வேலை செய்யும்போது அவர் உடம்பு மருந்தில் நனைந்திருக்கிறது. நம்மூரில் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். 16 லிட்டர் கைத்தெளிப்பானை நிரப்பி முதுகில் தூக்கினால் ஏறக்குறைய 20 கிலோ. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் குனியும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முதுகில் வழியும். சட்டை ஏற்கெனவே வியர்வையில் ஊறியிருக்கும், அதனால் மருந்து வழிவது தெரியவே தெரியாது. 36 டிகிரி வெயிலில் பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு யாரும் அடிப்பதில்லை, மாட்டச் சொன்னால் அதுவே மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

இதைவிடப் பயங்கரமானது பாராகுவாட். சில தோட்டங்களில் 'எரிச்சு விடற மருந்து' என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. ஒரு வாய் உள்ளே போனாலே நுரையீரல் கெட்டு உயிர் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அனுமதி இல்லை, கேரளம் 2011-இல் தடை செய்தது, இலங்கையும் படிப்படியாக நிறுத்திவிட்டது. குழந்தைகள் உருண்டு விளையாடும் புல்லில் இவற்றில் எதையும் நான் அடிக்க மாட்டேன் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். கோரைக்கு என்ன வழி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கையால் செய்வது

அரிவாளும் களைக்கொத்தியும் சத்தம் போடாது, புகை விடாது, கல்லைத் தெறிக்க விடாது. ஆனாலும் உடம்பைப் பாதிக்காத வேலை இது என்று யாராவது சொன்னால், எங்கள் பெண்களின் முழங்காலைப் பார்க்கச் சொல்வேன். களையெடுப்பது பெரும்பாலும் அவர்கள் வேலை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே தவளை மாதிரி நகர்ந்து நகர்ந்து ஐந்து மணி நேரம். நாற்பது வயதிலேயே எழுந்திருக்கும்போது கையை ஊன்றித்தான் எழுகிறார்கள்.

கலிஃபோர்னியாவின் கீரை வயல்களில் ஒரு காலத்தில் குட்டைக் கைப்பிடி உள்ள களைக்கொத்தியைத்தான் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்கள். நாள் முழுதும் குனிந்தே இருந்து முதுகெலும்பு தேய்ந்துபோனவர்கள் பல ஆயிரம் பேர். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1975-இல் அந்தக் கருவியே அங்கே தடை செய்யப்பட்டது. வேலை மாறவில்லை, கைப்பிடியின் நீளம்தான் மாறியது. நாங்களும் இப்போது நெஞ்சளவு நீளமுள்ள கைப்பிடியோடு களைக்கொட்டு செய்து வைத்திருக்கிறோம். நெருக்கமான பூச்செடிகளுக்கு நடுவே அது எட்டாது, அங்கே இன்னும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அதற்கு ஒரு சிறு முக்காலியும் முட்டிக்கு ரப்பர் மெத்தையும் கொடுத்தோம். முக்காலியை முதலில் யாரும் தொடவில்லை. உட்கார்ந்து வேலை செய்தால் சோம்பேறி என்று மாடியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்களே என்ற பயம். குழுவிடம் சொல்லி, அறிவிப்புப் பலகையில் இரண்டு வரி போடச் சொன்ன பிறகுதான் அந்தப் பயம் விட்டது.

கைவேலையில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று பாம்பு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மழை ஆரம்பித்துவிட்டால் தண்ணீர் ஏற ஏற அவை மேட்டைத் தேடி வரும். வளர்ந்த புல்லுக்குள் கையை விட்டு அறுப்பது கண்ணாடி விரியன் இருக்கும் இடத்தில் கையை நீட்டுவதற்குச் சமம். முதலில் நீளக் கழியால் புல்லை விலக்கித் தட்டிவிட்டு, கம்பூட் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். யாரையாவது கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். அந்த மருந்துக்கான விஷம் எடுப்பது மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில், எங்கள் இடத்திலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம்தான்.

இன்னொன்று பார்த்தீனியம். அதைக் கையால் பிடுங்குகிறவர்களுக்குக் கழுத்து, இமை, முழங்கை மடிப்பெல்லாம் தடித்து அரிக்கும். சிலருக்கு ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அந்தச் செடி இருக்கும் பக்கம் போனாலே வந்துவிடும். பூப்பதற்கு முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோடு பிடுங்கினால் பாதிச் சங்கடம் இல்லை. இதையே மெஷினால் வெட்டினால் நிலைமை மோசம். செடி தூளாகி மகரந்தத்தோடு முகத்தில் வந்து அப்பும். எருக்கும் அப்படித்தான். மெஷின் பட்டால் பால் சாரலாகத் தெறிக்கும். எருக்கம் பால் கண்ணில் விழுந்தால் பெரிதாக வலிக்காமலே பார்வை மங்கும், கருவிழியின் உள்ளடுக்கு பாதிக்கப்பட்டிருக்கும். வலி இல்லையே என்று விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மருத்துவரிடம் போகிறார்கள். உடனே பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றே காட்ட வேண்டும். இந்த இரண்டு செடிகளுக்கும் மெஷின் கிடையாது, கைதான்.

ஆக, பூப்பாத்தி, வேலியோரம், கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய பகுதி இவற்றுக்குக் கைவேலை. மூன்று ஏக்கரையும் கையால் செய்ய முடியாது, செய்யச் சொல்லவும் கூடாது.

மெஷினில் எது?

பெட்ரோலா பேட்டரியா என்று கேட்பதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் முக்கால்வாசிப் பேர் சமதளமான லானையும் தோளில் மாட்டும் பிரஷ் கட்டரால்தான் வெட்டுகிறார்கள். ஒரே மெஷினில் எல்லாம் முடிகிறது என்பதுதான் காரணம், நாங்களும் அப்படித்தான் செய்துவந்தோம். தள்ளிக்கொண்டு போகும் லான் மோவரில் கத்தி மூடிக்குள் சுழல்கிறது, எடையைச் சக்கரம் தாங்குகிறது, கைக்கு வரும் அதிர்வு குறைவு. சமதளத்துக்கு மோவர், ஓரத்துக்கும் சரிவுக்கும் மட்டும் பிரஷ் கட்டர் என்று பிரித்ததிலேயே எங்கள் ஆட்கள் பிரஷ் கட்டரைத் தூக்கும் நேரம் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. எந்த நிறுவனத்தின் மெஷின் என்று ஆராய்வதைவிட இதுதான் பெரிய முடிவு.

இனி பிரஷ் கட்டருக்கு வருவோம். அதிர்வுக்கு பிரிட்டனில் 2005-இல் வந்த விதிகளை நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். 8 மணி நேரச் சராசரியில் அதிர்வு 2.5 மீட்டர்/வினாடி² என்ற அளவைத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. மெஷினோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அதன் அதிர்வு அளவு அச்சிட்டிருக்கும். இல்லை என்றால் அந்த மெஷினை வாங்காதீர்கள். அளவு 7.5 என்று போட்டிருந்தால், 53 நிமிடத்தில் முதல் எல்லை வந்துவிடும், மூன்றரை மணி நேரத்தில் இரண்டாவது எல்லையும் வந்துவிடும். அதே 3 என்றால் முதல் எல்லைக்கே ஐந்தரை மணி நேரம் ஆகும். அதிர்வு இரட்டிப்பானால் தாங்கும் நேரம் பாதியாகக் குறைவதில்லை, கால்வாசியாகக் குறைகிறது. எங்கள் பெரியவர் தினமும் நான்கு மணி நேரம், அதுவும் அதிர்வு தாங்கும் ரப்பர் தேய்ந்துபோன பழைய மெஷினோடு நின்றவர். கையேட்டில் உள்ள எண் புது மெஷினுக்கானது. பிளேடுக்குப் பதிலாக நுனியில் மாட்டும் நைலான் கயிறு ஒரு பக்கம் நீளமாகவும் இன்னொரு பக்கம் குட்டையாகவும் இருந்தாலே அதிர்வு கூடிவிடும்.

அதிர்வால் கைக்கு வரும் இந்த நோயில், குளிர்நாடுகளில் விரல் வெளுத்துப் போகும் என்பார்கள். நம் வெயிலில் வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது. மரத்துப் போவது, ராத்திரிக் குத்தல், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறுவது, இவைதான் அறிகுறி. ஆரம்பத்தில் மெஷினை விட்டு விலகினால் தேறலாம். முற்றிய பிறகு நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாது. பெரியவரை அன்றிலிருந்து மெஷின் பக்கம் விடவில்லை. கூலியில் ஒரு ரூபாய் குறைக்காமல் நாற்றுப் பண்ணையையும் தண்ணீர் பாய்ச்சுவதையும் அவரிடம் கொடுத்தேன். கூலி குறையும் என்ற பயம் இருந்தால் யாரும் கை மரத்துப் போவதை வெளியே சொல்ல மாட்டார்கள். பாதுகாப்பு பற்றி நான் கற்றதில் இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

அடுத்தது சத்தம். பெட்ரோல் பிரஷ் கட்டர் ஓட்டுகிறவரின் காதருகே பெரும்பாலும் 95-லிருந்து 100 டெசிபலைத் தாண்டியும் இருக்கும். அமெரிக்கத் தொழில் நல ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். தரமான பேட்டரி மெஷின்கள் பல 75-க்கும் 90-க்கும் இடையில் நிற்கின்றன. காதுமூடி போட்டால் பெட்ரோலும் சரிதானே என்பார்கள். போட்டால் சரிதான். ஆனால் காதுமூடிக்குள் வியர்வை தேங்கி அரிக்கும், கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். மெஷினே அமைதியாக இருந்தால் அந்தக் கண்டிப்பு தேவைப்படாது.

புகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் எரியாத பெட்ரோலையும் எண்ணெயையும் கார்பன் மோனாக்சைடையும் மூக்கருகே விடுகிறது. ஒரு பெட்ரோல் இலை ஊதியை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் மாசு, ஒரு காரை 1,100 மைல் ஓட்டுவதற்குச் சமம் என்று கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் கணக்கிட்டது. 2024 முதல் இப்படிப்பட்ட புதிய சிறு எஞ்சின்களின் விற்பனையை அந்த மாநிலம் நிறுத்தத் தொடங்கியது. சுவரை ஒட்டிய குறுகிய இடங்களில், காற்று நகராத காலைகளில், எங்கள் ஆட்களுக்குத் தலைவலி வருவது வழக்கமாகவே இருந்தது.

விலை? நல்ல பேட்டரி மெஷின் இரண்டு பேட்டரி, சார்ஜரோடு எனக்கு வந்த விலைப்பட்டியலில் பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கனமான புல்லில் ஒரு பேட்டரி அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. சூடேறிய பேட்டரியைச் சார்ஜரில் போட்டால் ஆறும்வரை ஏற்றிக்கொள்ளாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்கக் கூடாது, உரமூட்டை அறையில் சார்ஜ் போடக் கூடாது, கீழே விழுந்து வீங்கியதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அமைதியாக இருப்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பெட்ரோல் மெஷின் ஓடுகிறது என்று பத்து வீட்டுக்குத் தெரியும். பேட்டரி மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று கையில் வைத்திருப்பவருக்கே சில நேரம் தெரியாது. புல் சுற்றிக்கொண்டது என்று மெஷினின் வெட்டும் நுனியில் கை வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைக்க வேண்டும். எங்களிடம் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

எஞ்சின் எதுவானாலும் கண் ஒன்றுதான்

கல் தெறிப்பதில் பெட்ரோலுக்கும் பேட்டரிக்கும் வித்தியாசமே இல்லை. அங்கே தீர்மானிப்பது நுனியில் மாட்டியிருக்கும் வெட்டுத்தலை. 255 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 380 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போகிறது. அது ஒரு ஜல்லியைத் தொட்டால் கல் மட்டும் பறக்காது, பிளேடிலிருந்து ஊசி முனை அளவுக்கு இரும்புத் துணுக்கும் பறக்கும். கண்ணுக்குள் துளைத்துப் போகிற துணுக்கு பெரும்பாலும் அப்படி வருவதுதான். கட்டட வேலை முடிந்து ஜல்லியும் ஆணியும் மண்ணில் கலந்து கிடக்கும் குடியிருப்புத் தோட்டங்களில் பிளேடு மாட்டுவதே தவறு என்பேன். நைலான் கயிறும் கல்லைத் தெறிக்க வைக்கும், ஆனால் தானே உடைந்து இரும்பாகப் பறக்காது, உதைக்கவும் உதைக்காது.

உதைப்பு என்றால், பிளேடின் வலது முன்பக்கம், அதாவது கடிகார முகத்தில் 12-க்கும் 3-க்கும் இடைப்பட்ட இடம், கட்டையிலோ கம்பத்திலோ பட்டால் மெஷின் முழுதும் சடாரென்று பக்கவாட்டில் தூக்கி அடிக்கும். பக்கத்தில் நிற்பவரின் காலை அது எடுத்துவிடும். பிளேடு மாட்டியாக வேண்டிய இடத்தில் இடதுபக்க விளிம்பால், வலமிருந்து இடமாக அசைத்து வெட்ட வேண்டும். பலருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. மரத்துக்கான பல் வைத்த டங்ஸ்டன் பிளேடைப் புல்லுக்கு மாட்டுகிறார்கள், ஒரு பல் உடைந்து பறந்தால் அது தோட்டாதான்.

இவற்றுக்கெல்லாம் மேலே, சங்கிலித் துண்டுகள் தொங்கும் தலை. 2010-இல் பிரிட்டனில் அதிலிருந்து கழன்ற ஒரு சங்கிலிக் கண்ணி பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகைத் தலைகள் சந்தைக்கு வருவதையே தடுத்தது. உங்கள் ஒப்பந்ததாரர் கையில் அதைப் பார்த்தால் அன்றே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

வலைத் தடுப்பு முகத்தைக் காக்கும், தூசியையும் சிறு துணுக்கையும் விட்டுவிடும். அதனால் வலைக்குள்ளே பக்கம் மூடிய கண்ணாடியும் வேண்டும். சாதாரண வெயில் கண்ணாடி எதற்கும் ஆகாது. வெட்டுகிறவரைச் சுற்றி 15 மீட்டருக்கு யாரும் வரக் கூடாது என்பது எல்லாக் கையேட்டிலும் இருக்கும் விதி. எங்கள் வேலையில் கடைப்பிடிக்க மிகக் கடினமானதும் அதுதான், ஏனென்றால் அந்த 15 மீட்டருக்குள் நடைப்பயிற்சிக்காரர், பள்ளிக்குப் போகும் பிள்ளை, நிறுத்தியிருக்கும் கார் எல்லாம் இருக்கும். இரண்டு வருடம் முன்பு வேறொரு குடியிருப்பில் எங்கள் மெஷினில் பட்ட கல் ஒன்று காரின் பின்கண்ணாடியை உடைத்தது. கார் கண்ணாடிக்கு ஒரே நாளில் கூட்டம் போட்டார்கள். அந்தக் கல் திரும்பி எங்கள் தம்பியின் தாடையில் பட்டு ஐந்து தையல் போட்டதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

காலை ஆறு மணி

என்னை முடிவெடுக்க வைத்தது இதுவரை சொன்ன எதுவும் இல்லை. நேரம்தான்.

பெட்ரோல் மெஷினை எட்டரைக்கு முன்னால் எடுக்கக் கூடாது என்று கிட்டத்தட்ட எல்லாக் குடியிருப்பிலும் விதி வைத்திருக்கிறார்கள். தூக்கம் கெடுகிறது என்று அவர்கள் சொல்வதும் உண்மை. விளைவு என்ன? ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரை வரை, வெயில் ஏறும் நேரம் முழுதும் எங்கள் ஆட்கள் கம்பூட், வலைத்தடுப்பு, காதுமூடி, கவசத் துணி எல்லாம் மாட்டிக்கொண்டு சூடான எஞ்சினைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை வழியுமே தவிரக் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மெஷினின் சத்தம்தான் ஆளை வெயிலில் நிறுத்துகிறது என்பதை இத்தனை வருடத்தில் நான் யோசித்ததே இல்லை.

ஒரு வாரத்துக்குப் பேட்டரி மெஷினை வாடகைக்கு எடுத்தேன். முன்னாளே குடியிருப்புக் குழுவில் சொல்லிவிட்டு, காலை ஆறேகாலுக்கு இரண்டாவது பிளாக் பின்புறம் ஆரம்பித்தோம். ஒலி மாசு விதிகளின்படி பகல் என்பது ஆறு மணிக்குத் தொடங்குகிறது, குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல். பக்கத்தில் நின்றால் பேட்டரி மெஷினும் அதைத் தாண்டத்தான் செய்யும், மறைக்கவில்லை. ஆனால் ஏழரை மணிக்கு முதல் மாடியில் கதவைத் திறந்த ஒரு அம்மா, "இன்னிக்குப் புல் வெட்டலையா?" என்று கேட்டார். வெட்டிய புல் அவர் கண்ணெதிரே குவிந்து கிடந்தது. ஒன்பதரைக்கு மெஷினை உள்ளே வைத்துவிட்டு ஆட்கள் நிழலில் உட்கார்ந்து பாத்திச் செடிகளைப் பார்த்தார்கள்.

அதற்காக வெயிலைப் பற்றிய கவனத்தை விட்டுவிட முடியாது. கால் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். புதிதாகச் சேரும் ஆளுக்கு முதல் நாள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு வேலை, ஒவ்வொரு நாளும் அதே அளவு கூட்டி ஐந்தாம் நாள் முழு வேலை. வெயில் மயக்கத்தில் சாய்கிறவர்கள் பெரும்பாலும் வந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள்தான். பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது களைப்பு இல்லை. நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

கடைசியில் என்ன வாங்கினோம்

ஒரு பேட்டரி மோவர், இரண்டு பேட்டரி பிரஷ் கட்டர், நைலான் தலையோடு. மூன்றாவது ஜோடி பேட்டரி இல்லாமல் காலை வேலை நடக்காது என்று ஒரு மாதத்தில் தெரிந்து அதையும் வாங்கினேன். பழைய பெட்ரோல் மெஷினில் ஒன்றைப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன். சுற்றுச்சுவர் ஓரத்தில் முட்புதரும் கட்டைச் செடியும் மண்டும் கால் ஏக்கருக்கு வருடத்தில் இரண்டு முறை மட்டும், மார்கழியிலும் ஆடியிலும், பிளேடு மாட்டி ஓட்டுவோம். ஒருவர் ஓட்டினால் அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அந்த இடத்துக்குப் பேட்டரியின் வலு போதவில்லை, போதும் என்று சொன்னால் பொய்.

கோரைக்கு நாங்கள் கண்ட வழி, புல்லையே குறைப்பது. நிழல் விழுந்து புல் நோஞ்சானாக நிற்கும், கோரை மட்டும் செழிக்கும் ஏழு இடங்களில் லானை எடுத்துவிட்டு, கிழங்கை ஈர மண்ணில் தோண்டிப் பொறுக்கி, காய்ந்த இலையையும் தென்னை மட்டைத் தூளையும் நாலு விரல் உயரத்துக்குப் போட்டு மூடினோம். முழுதும் ஒழியவில்லை. ஆனால் களையெடுக்க வாரம் இரண்டு நாள் ஆனது இப்போது அரை நாள் ஆகிறது.

சங்கங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று விலைப்புள்ளி வாங்கிக் குறைந்ததை எடுக்கும்போது, அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை பாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஒப்பந்ததாரர் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கட்ட வேண்டும். கட்டிய ரசீதைக் கேளுங்கள். என் விலை மற்றவர்களைவிட அதிகமாக வந்ததில் பெரும்பங்கு அந்தத் தொகையும் பேட்டரியும் கண்ணாடியும் கம்பூட்டும்தான், வரிவரியாக எழுதிக் காட்டினேன்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. மெஷின் வேலை காலை ஆறேகால் முதல் ஒன்பதரை வரை. வெட்டும் நாளுக்கு முந்தைய இரவே அந்தப் பகுதியிலிருந்து கார்களை எடுத்துவிடுவது குடியிருப்பின் பொறுப்பு. கயிறு கட்டி மறித்த இடத்துக்குள் யாராவது வந்தால் மெஷினை அணைப்போம், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. முதல் இரண்டையும் குழு அந்தக் கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டது. மூன்றாவதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார்கள், பெரியவரையும் என்னோடு அழைத்துப் போகிறேன்.